அணைத்த பிறகும் ஓடிய மீட்டர்

திருப்பூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஒவ்வொரு வாசல் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சப் மீட்டர் மாட்டியிருந்தார்கள். ஈ.பி. மீட்டர் ஒன்றுதான், அது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. மாதம் முடிந்ததும் அவர் வந்து ஒவ்வொரு கதவுப் பக்கமும் தலையைத் தூக்கிப் பார்த்து, எந்த வீட்டில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். மீட்டரின் கண்ணாடிக்குள் வட்டமான ஒரு தகடு படுக்கைவாட்டில் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. மிக்சி போட்டால் அந்தக் கோடு பறக்கும். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் மெதுவாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

குடிவந்த புதிதில் நான் அதை ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். நான் இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு டிவி, ஒரு சிடி பிளேயர், மிக்சி, ஃபேன், இரண்டு குழல்விளக்கு, புதிதாக வாங்கிய ஒரு செல்போனின் சார்ஜர். எங்கள் வீட்டில் கரண்டில் ஓடியவை அவ்வளவுதான்.

‘வீட்டுக்காரர்’ என்று என் கணவரையும் சொல்கிறேன், வீட்டின் சொந்தக்காரரையும் சொல்கிறேன். குழப்பம் வேண்டாம், சொந்தக்காரரை இனி ஓனர் என்றே சொல்கிறேன். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அவருக்கு அவிநாசிப் பக்கம் தோட்டம் இருந்தது. அதில் ஒரு பகுதியை விற்று இந்த வீடுகளைக் கட்டியிருந்தார். நல்ல மனிதர். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். எங்கள் ஊரில் ஒருவருக்குக் கோபம் வந்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். இவர் பேச்சில் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வரும். கோபமா, விசாரிப்பா, காலி பண்ணச் சொல்லப் போகிறாரா என்று அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மழைக்காலம் தொடங்கிய மாதத்தில் அவர் எங்கள் மீட்டர் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

“அம்மிணி, ஊட்டுல ஹீட்டர் கீட்டர் ஏதாச்சு வெச்சிருக்கீங்களாங்?”

“இல்லீங்கண்ணா.” ஓரிரு வருடத்தில் எனக்கும் அந்த ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது.

“அயர்ன் பாக்ஸுங்க?”

“புள்ளைக்கு யூனிபார்ம் தேய்க்க மட்டும்தாங்கண்ணா.”

“பக்கத்து ஊட்டுல மூணு ஆளு இருக்கறாங்க. அவங்களுக்கே இத்தன ஓடலீங்களே.” மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். “செரி, பாத்து நடந்துக்குங்க.”

அதற்கு முந்தைய கோடையில், கடைசி வீட்டில் இருந்தவர்கள் திருட்டுத்தனமாகக் கரண்டில் ஓடும் காயில் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள் என்று தெரிந்ததும், இதே குரலில்தான் அவர்களைக் காலி செய்யச் சொன்னார். அவர்களுடைய கட்டில் தலைகீழாக டெம்போவில் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் திருப்பூரில் வாடகைக்கு வீடு கிடைப்பது சாமானியமில்லை. எந்த ஊர், என்ன ஆட்கள், எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுக் கதவைச் சாத்துவார்கள். இந்த வீடு கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு முறை பட என்னிடம் தெம்பு இல்லை.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது, ஓவர்லாக் தையல் அடிக்கும் ஒரு அக்கா கேட்டாள்: “டிவிய எப்படி நிறுத்துவ?”

“ரிமோட்லதான்.”

“அது நிறுத்துனதாகாது. அந்தச் சிவப்பு லைட்டு எரியுதில்ல, அது எரியிற வரைக்கும் உள்ள கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். சுவிட்ச அணைக்கோணும். இல்லைன்னா பிளக்கப் புடுங்கோணும்.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புப் பொட்டுதான். மூடிக் கிடந்த வீட்டுக்குள், நாங்கள் யாரும் இல்லாதபோது, பகல் முழுவதும் அது விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சிடி பிளேயரிலும் ஒன்று இருந்தது. சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன். போன் என் கணவர் பையில் இருக்கிறது. சார்ஜர் மட்டும் சுவரில் மாட்டியபடி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன்.

அதிலிருந்து வீட்டில் என் பாடு மட்டுமில்லை, எல்லோர் பாடும் திண்டாட்டமாகிவிட்டது. அடுப்படியில் இருந்தால் கூடத்தில் விளக்கு கூடாது. டிவி பார்த்து முடிந்ததும் சுவிட்ச், பிறகு பிளக். கம்பெனிக்குப் புறப்பட்டுத் தெருமுனை வரை போய்விட்டு, ஃபேனை அணைத்தேனா என்று திரும்பி ஓடி வருவேன். மகள் கார்ட்டூன் கேட்டால் எரிந்து விழுவேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து அரை இருட்டில் சாப்பிட்டுவிட்டு, “கரண்ட் மிச்சம் பிடிக்கப் போயி கண்ணு போயிரும்போலிருக்கு” என்று முணுமுணுப்பார்.

அடுத்த மாதம் ஓனர் வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கொஞ்சம் கொறஞ்சிருக்குதுங்க. ஆனாலும்…”

அந்த ‘ஆனாலும்’ என்பதோடு நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷிப்மென்ட் அவசரம் என்று என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை. விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஒரு பிளக்கும் சுவரில் இல்லை. ஏனென்று தெரியாமலே வாசலுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன்.

தகடு சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் என் கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனேன். சிவப்புக் கோடு இடது ஓரத்தில் தெரிந்தது, நகர்ந்தது, மறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும் வந்தது. உள்ளே போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தடவிப் பார்த்தேன். மெத்தைக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று கரண்டைத் தின்றுகொண்டிருந்தது. தூங்கும் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“பக்கத்து வீட்டுக்காரனுவதான். நம்ம லைன்லருந்து இழுக்கானுவ.”

பக்கத்து வீட்டில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். பீகார்க்காரர்கள் என்று சொன்னார்கள். சாயப்பட்டறையில் வேலை. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அந்தச் சமயத்தில் இந்தி பேசுபவர்கள் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. அதனால் எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் பக்கம்தான் கண் போகும். மூவரில் மூத்தவன் மட்டும் கொஞ்சம் தமிழ் பேசுவான். மற்ற இருவரும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

“பாக்காம எப்படிச் சொல்லுவீங்க?” என்றேன்.

“பின்ன ஆரு? பேயா?”

அப்போதே சண்டைக்குக் கிளம்பியவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர்கள் மூன்று பேர், இவர் ஒருவர் என்கிற பயம் ஒரு பக்கம். சத்தம் கேட்டு ஓனர் வந்தால் இரண்டு வீட்டையும் சேர்த்துக் காலி பண்ணச் சொல்வாரோ என்கிற பயம் இன்னொரு பக்கம். அடுத்த ஞாயிறு எல்லோரும் இருக்கும்போது ஓனரையே கூப்பிட்டுக் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு வாரமும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டால்கூட எனக்குத் திடுக்கென்றது.

அந்த ஞாயிறு காலையில் அதிசயமாக வெயில் வந்தது. என் கணவர் எழுந்ததும் முதல் வேலையாக மீட்டருக்குக் கீழே இருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். தகடு அப்படியே நின்றது.

“பாத்தியா? நம்ம வீட்டு லைன்லதான் எங்கயோ சொருவியிருக்கானுவ. ஓனர் வாரவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்.” கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மழையினால் பல நாளாகத் துணியை வீட்டுக்குள்தான் கயிறு கட்டிக் காயப்போட்டு வந்தேன். வெயிலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் துவைத்து வெளியே கொடியில் போட்டேன். கொடி என்றால் இரும்புக் கம்பி. எங்கள் வாசல் சுவரில் அடித்திருந்த ஒரு கொக்கியிலிருந்து, முற்றத்து நடுவில் நட்டிருந்த இரும்புக் குழாய் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. பெட்ஷீட், மகளின் யூனிபார்ம், அவருடைய லுங்கி என்று கம்பி தாழும் அளவுக்குப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பியூஸ் கட்டை அவர் பையில் இருந்ததை அப்போது நான் நினைக்கவே இல்லை.

ஓனர் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். அதற்குள் மறுபடியும் வானம் மூடிக்கொண்டது. என் கணவர் பியூஸ் கட்டையைத் திரும்பச் சொருகி, உள்ளே எல்லாம் அணைந்திருப்பதைக் காட்டி, தகடு சுற்றுவதைக் காட்டினார். ஓனர் தலையை ஆட்டினார்.

“இது ஈ.பி.காரனுக்குத் தெரிஞ்சா எனக்குத்தானுங்க வெனை” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூத்தவன் வந்தான்.

“தம்பி, கரண்டு எங்கிருந்து எடுக்கறீங்க? உள்ள பாக்கோணுங்க.”

“அண்ணா, நாங்க எடுக்கல. நம்ம மீட்டர் அலக், வேற. வாங்க, பாருங்க.” அவன் கதவை அகலமாகத் திறந்துவிட்டான். ஒரு குண்டு பல்பு, ஒரு ஃபேன், தரையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். வேறொன்றும் இல்லை. என் கணவர் சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்தார். அவன் தன் தகரப் பெட்டியை இழுத்து வந்து வாசலில் வைத்துத் திறந்தான். அதற்குள் எப்படிக் கரண்ட் இருக்கும்? ஆனாலும் திறந்தான். மடித்து வைத்த சட்டைகள், ஒரு கம்பளி, ஒரு சாமி படம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. துணி நனைகிறதே என்று ஓடினேன். செருப்புப் போடவில்லை. முற்றம் முழுக்க ஈரம். பெட்ஷீட்டை இழுக்க இடது கையால் கம்பியைத் தாழ்த்திப் பிடித்தேன்.

அதற்குப் பெயர் வலியில்லை. யாரோ கையை உள்ளேயிருந்து பிடித்து முறுக்கிய மாதிரி இருந்தது. விரல்கள் கம்பியைச் சுற்றித் தானாக இறுகின. விடு விடு என்று மனது சொல்கிறது, கை கேட்கவில்லை. தாடை கிட்டிப்போய்விட்டது. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு நேராக, வாசலில் நின்றிருந்த என் மகள், நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்தாளோ, பயந்துதான் வந்தாளோ, “அம்மா” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள்.

வராதே என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. உதடு பிரியவில்லை. வாழ்க்கையில் அதைப் போன்ற ஒரு பயத்தை அதற்கு முன்பும் நான் அறிந்ததில்லை, பின்பும் அறியவில்லை. சாகிறேன் என்கிற பயமில்லை அது. என்னை அவள் தொடப்போகிறாள், என்னால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை என்கிற பயம்.

பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அந்த மூத்த பையன் எழுந்து பாய்ந்ததை நான் பார்த்தேன். அவளுடைய கவுனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டான். அவள் உதைத்துக்கொண்டு அலறினாள். என் கணவர் என் பக்கம் ஓடி வந்தார்.

“தொடாதெ!”

அது ஓனருடைய குரல். ‘ங்க’ இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். மீட்டருக்குத் தாவி பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். என் கை திறந்தது. ஈரத்தரையில் விழுந்தேன். மேலே பெட்ஷீட் விழுந்தது.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் இருதயம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, சாயங்காலம் வரை படுக்க வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். உள்ளங்கையில் கம்பி பதிந்த இடம் வெந்து வெள்ளையாக ஒரு கோடு. மகள் என்னை ஒட்டிக்கொண்டு தூங்கினாள். அவள் என்னைத் தொட்டபோதெல்லாம் எனக்கு உடம்பு விறைத்தது. அதை அவளுக்குக் காட்டாமலிருக்கப் படாத பாடு பட்டேன்.

மறுநாள் ஓனர் எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். அவர் பியூஸ் கட்டையைச் சொருகிவிட்டு டெஸ்டரைக் கொடிக் கொக்கியில் வைத்ததும் டெஸ்டரின் விளக்கு எரிந்தது. முற்றத்துக் குழாயில் வைத்தார். அங்கேயும் மங்கலாக எரிந்தது. சுவரைக் கொத்திப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கொக்கியின் ஆணி, உள்ளே சுவிட்சுக்குப் போகும் ஒயரை உரசிக்கொண்டு இறங்கியிருந்தது. சுவர் காய்ந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மழையில் ஊறியதும் கரண்ட் ஆணிக்குத் தாவி, கம்பி வழியாகக் குழாய்க்குப் போய், மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் டிவியையும் சார்ஜரையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் எங்கள் மீட்டர் நிலத்துக்குக் கரண்ட் ஊற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றிச் சுற்றி விளையாடும். மழை என்று வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததால் பிழைத்தார்கள். இதை எலெக்ட்ரீஷியன் சொல்லவில்லை. குழாயையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்து நாங்களே ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டோம்.

கொக்கியை அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஓனர் எல்லா வீட்டுக்கும் ஒயரை மாற்றினார், எர்த் போட்டார், கசிவு இருந்தால் தானாக விழும் ஸ்விட்ச் வைத்தார். கம்பியை அறுத்தெறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தார். “அந்த ரெண்டு மாசத்துக் கரண்டுக்கு ஒண்ணுந் தர வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் என் கணவர் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். “தம்பி…” என்றார். பழப் பையை நீட்டினார். அந்தப் பையன் பழத்தை வாங்கிக்கொண்டான். “டீக் ஹை அண்ணா, பரவால்ல. பாப்பா நல்லா இருக்கா?” என்றான். கொஞ்ச நாளில் மூவரும் பட்டறைக்குப் பக்கத்திலேயே தங்க இடம் கொடுக்கிறார்கள் என்று காலி செய்து போனார்கள். நிஜமாகவே இடம் கிடைத்ததா, எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லையா, தெரியாது. போகும்போது மூத்தவன் மகளுக்கு டாட்டா காட்டினான். நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல எனக்கு இந்தி தெரியவில்லை. தமிழிலும் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மீட்டர் சரியாகிவிட்டது. எல்லாவற்றையும் அணைத்தால் தகடு நிற்கும். பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. முதலில் மிச்சம் பிடிக்கத்தான் செய்தேன். பிறகு பயத்தினால் செய்தேன். வேறு வீடு மாறிப் போனோம், ஃப்ரிட்ஜ் வந்தது, பெரிய டிவி வந்தது. எதிலும் ஒரு பொட்டு வெளிச்சம் எரிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. எங்கள் கரண்ட் பில் அக்கம்பக்கத்தில் எல்லோருடையதையும்விடக் குறைவாகத்தான் வரும். எப்படி என்று கேட்பார்கள். “சுவிட்ச அணைச்சிருவேன்” என்று மட்டும் சொல்வேன்.

சில வருடங்கள் கழித்துத் திருப்பூரில் மின்வெட்டு வந்தது. பகலில் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. கம்பெனியில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை என்று முதலாளிகள் புலம்பினார்கள், வேலை குறைந்தது, எல்லோரும் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். ஆனால் ஃபேன் நின்று, வீடு சத்தமில்லாமல் ஆகிற அந்த நிமிடத்தில் என் தோள் இரண்டும் கீழே இறங்கும். சுவருக்குள் ஒன்றும் ஓடவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிகிற நேரம் அது ஒன்றுதான். ஈரக்கையோடு வீடு முழுக்க நடப்பேன். மகள் அப்போது பெரிய பெண்ணாகிவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு பாடம் படிப்பாள். அப்போது மட்டும் தள்ளி உட்காரு என்று சொல்ல மாட்டேன்.